தேனடையில் தெரு இல்லாமல் போன கதை

நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யென்றாலும், வாயில் மிச்சமிருக்கும் இரண்டு பல்லும் இப்போதே உதிரட்டும். அத்தனையும் நிஜம்.

அந்தக் காலத்தில் தேனீக்கள் பேசும், நன்றாகச் சண்டையும் போடும். கரிசல் காட்டில் ஒரு மரப்பொந்துக்குள் ஊர் கட்டியிருந்தன. உருண்டையான மெழுகு வீடுகள், வீட்டுக்கு வீடு இடைவெளி, பொந்து வாயிலிருந்து நேராக ஓடும் அகலத் தெருக்கள். வெயிலூருக்கு அதுதானே சுகம்?

ஒரு வருடம் மழை பொய்த்துப் பூவே இல்லாமல் போனது. ஊரே கிளம்பிக் கொடைக்கானல் மலையேறியது. அங்கேயும் ஒரு பொந்து பார்த்து, பழைய ஊரை அப்படியே, தெருவின் அகலம்கூடக் குறையாமல் கட்டிக்கொண்டார்கள்.

அவர்களில் மூக்காயி என்றொருத்தி. அவளுக்கு ஒரு புழுப்பிள்ளை. பிள்ளை சில்லிட்டால் இறகு முளைக்காது, செத்துப்போகும். அதனால் தேனைக் குடிப்பாள், உடம்பை நடுக்குவாள், அந்தச் சூட்டில் பிள்ளையை அணைத்துக்கொள்வாள். தேன்தான் அவளுக்கு விறகு. கரிசலில் ஒரு பருவம் முழுக்கத் தாங்கிய சாடித் தேன், மலையில் பனி தொடங்கும்போதே தீர்ந்து சாடியின் அடி தெரிந்தது. பிள்ளையோ சில்லென்றே கிடந்தது.

யாரோ திருடுகிறார்கள் என்று முடிவுகட்டினாள். யாரோ என்ன யாரோ, பக்கத்து வீட்டுப் பேச்சிதான். போகும்போதும் வரும்போதும் பேச்சியின் வாயை மோந்து பார்த்தாள். தேன் வாசனை அடித்தது. தேனீயின் வாயில் வேறென்ன அடிக்கும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. பேச்சியும் இவளை மோந்துவிட்டுத்தான் போனாள், அது வேறு விஷயம்.

பேச்சி பூவுக்குப் போன நேரம் பார்த்து, இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்த தெருவை மூக்காயி மெழுகு வைத்துக் கெட்டியாக அடைத்துவிட்டாள்.

திரும்பி வந்த பேச்சி கொடுக்கைத் தூக்கினாள். "ஏட்டி, ஊர்த் தெரு உங்க அப்பன் சொத்தா?"

"களவாணி வர்ற வழிய அடைச்சேன். உனக்கு ஏன் வலிக்குது?"

மறுநாள் தொட்டுப் பார்த்தால், அடைத்த பக்கம் பிள்ளை வெதுவெதுப்பாக இருந்தது. தேனும் அவ்வளவாக இறங்கவில்லை. மூக்காயிக்கு ஒரே பூரிப்பு. அடுத்த நொடியே ஒரு சந்தேகம். இந்தச் சூடு சுவர் வழியாகப் பேச்சிக்கும் போகுமே? சுவரில் காதை வைத்தாள்.

அந்தப் பக்கம் பேச்சியும் காதை வைத்திருந்தாள். "என் சூட்ட உறிஞ்சுறியான்னு பாக்கேன்," என்றாள். "ஆனா என் பிள்ளையும்லா கதகதன்னு இருக்கு?"

இரண்டு பக்கமும் கதகதப்பு என்றால் இத்தனை நாள் திருடியது யார்? மூக்காயி அடைக்காத மறுபக்கத் தெருவை எட்டிப் பார்த்தாள். பொந்து வாய் வழியாக மலைக்காற்று நுழைந்து, நேர்த் தெருவில் சாவகாசமாக நடந்து, ஒவ்வொரு வீட்டுச் சுவரையும் நக்கிக்கொண்டே போனது. கரிசலில் வா வா என்று கூப்பிட்டு உட்காரவைத்த அதே காற்று.

இருவருமாகத் தங்கள் வீடுகளைச் சுற்றியிருந்த மிச்சத் தெருக்களையும் அடைத்தார்கள். அதைப் பார்த்து ஊரும் தன் தெருக்களை அடைத்தது. நெருக்கியதில் உருண்டை வீடுகள் நசுங்கி ஆறு மூலையாயின. பிள்ளைகளுக்கு இறகு முளைத்தது.

ஆனால் அத்தனை தேனையும் குளிருக்குத் தானே குடித்துத் தீர்த்ததை மூக்காயி கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. "காத்து சூட்டத் திருடுச்சு, சரி. தேன யாரு திருடுனா?" என்று பொந்து வாயிலேயே போய் உட்கார்ந்துகொண்டாள்.

அன்று முதல்தான் தேனடையில் தெருவே கிடையாது, ஒரு சுவருக்கு இரண்டு பக்கமும் வீடு. வாசலில் ஒருத்தி காவலிருந்து, வருகிறவளையெல்லாம் மோந்து பார்த்தே உள்ளே விடுவதும் அன்று முதல்தான்.

நான் சொன்னேன் என்று மட்டும் யாரிடமும் மூச்சு விடாதீர்கள். நாளைக்கு அந்த மரத்தடி வழியாகத்தான் நான் போகவேண்டும்.