ஆவுடை கேட்ட குழம்பு

பொன்மணி டீச்சரின் சமையல் வகுப்பில் அத்தனை பெண்களுக்கு நடுவே ஒரே ஓர் ஆண், சங்கரலிங்கம். தென்காசியில் இரும்புக்கடை வைத்திருந்தவர். டீச்சரைவிடப் பத்து வயதாவது மூத்தவர். அதற்காக டீச்சர் விட்டுவிடுவாளா? தாளிப்பு கருகினால் அவருக்கும் திட்டு உண்டு.

ஒருநாள் வகுப்பு முடிந்தும் அவர் கிளம்பவில்லை.

"ஒரு சந்தேகம் டீச்சர்."

"கேளுங்க அண்ணாச்சி."

"தீயல் வச்சேன். சொதி வச்சேன். புளிக்குழம்பு, மோர்க்குழம்பு, நீங்க சொல்லிக்குடுத்த அத்தனையும் வச்சுப் பாத்துட்டேன். எம் மக ஒரு வாய் வைக்கா. 'நல்லாருக்குப்பா, ஆனா இது இல்ல'ன்னு தட்டத் தள்ளிருதா."

மகள் ஆவுடை பிரசவத்துக்கு வந்திருந்தாள். எதுவும் வயிற்றில் தங்கவில்லை. அம்மா வைத்த குழம்பு வேண்டும் என்று மட்டும் கேட்டாள். அம்மா சொர்ணம் இறந்தபோது அவள் ஐந்தாம் வகுப்பு. குழம்பின் பெயர் தெரியாது. கறுப்பாக, கெட்டியாக இருக்கும் என்பதுதான் ஞாபகம்.

"வயித்துப் புள்ளைக்கு எடை காணாதுன்னு டாக்டரம்மா சொல்லுதாவ. எனக்குப் பயமா இருக்கு டீச்சர்."

"உங்களுக்கு அந்தக் குழம்பு ஞாபகம் இல்லையா?"

"அதான் புரியல. சொர்ணம் ஆக்கிப்போட்டது எல்லாம் இன்னும் நாக்குலயே இருக்கு. ஆனா இப்படி ஒண்ண நான் தின்னதே இல்ல."

அவளை நினைக்காமல் அவர் ஒரு வேளையும் சாப்பிட்டதில்லை.

"சொர்ணம் அக்கா எப்ப சாப்பிடுவாங்க?"

"நான் சாப்பிட்டுக் கடைக்குப் போன பிறவு. அவளும் ஆவுடையும் அடுக்களையிலயே உக்காந்து சாப்பிடுவாக."

"என்ன சாப்பிடுவாங்க?"

"நான் சாப்பிட்டதத்தான்" என்றார். சற்றுக் கழித்து, "வேற என்ன?" என்றார். குரல் இறங்கியிருந்தது.

டீச்சர் பையை எடுத்துக்கொண்டாள். "நாளைக்கு மத்தியானம் வீட்டுக்கு வாறேன். சாம்பார், அவியல், கூட்டு வச்சு வைங்க."

மறுநாள் சாப்பாடு முடிந்தது. ஆவுடை வழக்கம்போல ஒரு வாயோடு எழுந்து போய்ப் படுத்துவிட்டாள். சங்கரலிங்கம் மிச்சத்தை எடுத்துக்கொண்டு புறவாசலுக்கு நடந்தார்.

"எங்க கொண்டு போறீங்க?"

"கொட்டத்தான். எங்க வீட்ல பழசு புழங்குறதே கெடையாது. கலியாணம் ஆன புதுசுலயே சொர்ணத்துட்ட கண்டிசனா சொல்லிட்டேன். அவளும் அன்னன்னைக்கே கொட்டிருவா." இத்தனை வருஷம் கழித்தும் அதில் அவருக்கு ஒரு பெருமை.

டீச்சர் பாத்திரங்களை வாங்கினாள். மண்சட்டியில் சாம்பாரை ஊற்றினாள். அதன் தலையிலேயே அவியலையும் கூட்டையும் கொட்டினாள். துளி புளி கரைத்துவிட்டு, அடுப்பைச் சிறிதாக எரியவிட்டாள்.

"இதுக்கு அளவு, டீச்சர்?"

"மிஞ்சினதுதான் அளவு. ராத்திரி ஒருதடவ சுண்ட வைங்க. காலையில ஒருதடவ. மிச்சச் சோத்துல தண்ணி ஊத்தி வைங்க."

காலையில் டீச்சர் வந்தபோது சட்டி கறுத்துக் கெட்டியாகிக் கொதித்துக்கொண்டிருந்தது. மணம் உள்ளறைவரை போயிருக்க வேண்டும். ஆவுடை வயிற்றைத் தாங்கிக்கொண்டு அடுக்களைக்கு வந்தாள். சட்டியை இறக்கச் சொல்லி, அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தாள். பழைய சோற்றைப் பிழிந்து வைத்துக்கொண்டு, தொட்டுத் தொட்டுத் தின்றாள். அழுதாள். ஆனால் தின்பதை நிறுத்தவில்லை.

"இதுதாம்ப்பா" என்றாள்.

சங்கரலிங்கம் சட்டியின் ஓரத்தை விரலால் வழித்து வாயில் வைத்தார். வைத்தவர் வெகுநேரம் விரலை எடுக்கவில்லை.

"அவகூட உக்காந்து ஒருநாள் இதத் தின்னிருக்கலாமே டீச்சர். என்னையும் ஒரு வார்த்த கூப்பிட்டிருக்கலாமே அவ?"

டீச்சர் ஆவுடைக்கு இன்னும் ஒரு கரண்டி வைத்தாள்.

"நீங்க எந்திரிச்சுப் போன பிறகுதானே அண்ணாச்சி, இது அடுப்புல ஏறும்."