வாசலுக்கு வெளியே ஒரு மேசை

"இந்த ஊர் ஜனங்களுக்கு ஈரமே கிடையாது" என்றார் சீடர்.

குரு ஒரு நாயின் காலில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

குருவின் பெயர் அங்கயற்கண்ணி. பிராணிகள் காப்பகத்தின் மருத்துவர். சீடர் சிதம்பரநாதன் அவரைவிட முப்பது வயது மூத்தவர். ஓய்வு பெற்ற மறுவாரமே, "கருணையைக் கத்துக்க வந்திருக்கேன்" என்று வந்து நின்றவர். கூண்டு கழுவும் வேலை கிடைத்தது. கருணையைக் கற்றாரோ இல்லையோ, கோபத்தை நன்றாகக் கற்றிருந்தார்.

"நல்லா இருக்கிற வரைக்கும் கொஞ்சுறாங்க. சீக்கு வந்ததும் நம்ம வாசல்ல விட்டுட்டு ஓடிடறாங்க. கழுத்துப் பட்டையைக்கூட கழட்டிடறாங்க, டாக்டரம்மா. கழுத்துல தடம் மட்டும் இருக்கு."

"எதுக்குக் கழட்டுறாங்க?"

"மாட்டிக்கக் கூடாதுன்னுதான். வேற எதுக்கு?"

"அவங்ககிட்ட கேட்டீங்களா?"

"இதைப் போய்க் கேக்கணுமா?"

"இன்னிக்கு கூண்டு வேண்டாம், சார். வாசல்ல போய் உட்காருங்க."

உட்கார்ந்தார்.

வெயில் ஏறிய பிறகு ஒரு பெண் வந்தாள். அடுத்த தெருவில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் முத்துப்பேச்சி. தோளில் ஒரு கறுப்பு நாய். அதன் காதுக்குப் பின்னால் புண், புண் நிறையப் புழு. அவளுக்கு முன்னால் நாற்றம் வந்து சேர்ந்தது.

"ரோட்டுல கெடந்துச்சுங்கய்யா."

"உங்க நாய் இல்லையே?"

"இல்லங்க."

நாய் முனகியது. "ஒண்ணுமில்ல கருவாச்சி, ஒண்ணுமில்ல" என்றாள் அவள், தன்னை மறந்து.

சீடர் எழுந்துவிட்டார். கையும் களவுமாகப் பிடித்த சந்தோஷம் அவருக்கு.

"ரோட்டுல கெடந்த நாய்க்குப் பேரு வேறயா?"

அவள் வாசலில் தொங்கிய பலகையைப் பார்த்தாள். வளர்ப்பவர் உள்ள பிராணிக்கு இங்கே வைத்தியம் கிடையாது. யாருமற்ற பிராணிக்கு வைத்தியம் உண்டு. அது காப்பகத்துக்கே சொந்தம். தினமும் அந்தப் பலகையைத் துடைப்பவர் சீடர்தான்.

"என்னோடதுதாங்க" என்றாள் முத்துப்பேச்சி. "டவுன்ல கேட்ட காசு, ராவும் பகலும் தேச்சாலும் என்னால குடுக்க முடியாது. என்னோடதுன்னா நீங்க பாக்க மாட்டீங்க. இல்லேன்னா பாத்துட்டு வச்சுக்குவீங்க. வச்சுக்கங்க. உசுரோட இருந்தாப் போதும்."

சீடர் திரும்பிப் பலகையைப் பார்த்தார்.

அவள் நாயைத் தரையில் இறக்கிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். எழுந்து நிற்க முடியாத நாய், வயிற்றைத் தேய்த்துக்கொண்டு அவள் பின்னால் நகர்ந்தது.

"நில்லுங்கம்மா" என்றது குருவின் குரல்.

காப்பகத்தின் தலைவர் குலசேகரனும் அறையிலிருந்து வந்துவிட்டார். பலகையை எழுதி வைத்தவர் அவர். கெட்டவர் அல்ல, பயந்தவர்.

"டாக்டர், அது வளக்குற நாய். இதைப் பார்த்தா நாளைக்குக் கார்ல வர்றவனும் இங்கதான் வருவான். யாருமில்லாததுக்குன்னு நாலு பேர் குடுத்த பணம் இது."

"இந்த அம்மா விட்டுட்டுப் போயிட்டா?"

"அப்ப பார்க்கலாம்."

"அநாதையாக்கிட்டுத்தான் பார்க்கணுமா?"

"விதி அதுதான். உள்ளே எடுக்கக் கூடாது."

"சரி. எடுக்கலை."

குரு சிகிச்சை அறைக்குள் போனார். இரும்பு மேசையின் ஒரு முனையைத் தூக்கினார்.

"சார், அந்தப் பக்கம் பிடிங்க."

சீடர் பிடித்தார். முற்றத்தைத் தாண்டி, வாசலைத் தாண்டி, சாலையோர வேப்பமரத்தடியில் இறக்கினார்கள்.

"வேலை போயிடும், டாக்டர்" என்றார் தலைவர், வாசலுக்கு உள்ளே நின்றுகொண்டு.

"போகட்டும். முதல்ல புழு போகட்டும்."

முத்துப்பேச்சி நாயின் தலையைப் பிடித்துக்கொண்டாள். குரு மருந்தை ஊற்றி, இடுக்கியால் புழுக்களை ஒவ்வொன்றாக எடுத்தார். சீடர் கிண்ணத்தை ஏந்தி நின்றார். போவோர் வருவோர் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள், ஆனால் நின்றார்கள்.

"எவ்வளவுங்க?" என்றாள் முத்துப்பேச்சி, எல்லாம் முடிந்ததும்.

"உங்களால எவ்வளவு முடியும்?"

அவள் சொன்னாள். குரு அதை வாங்கிக்கொண்டார்.

பிறகும் அவள் போகவில்லை. நாயையும் தொடவில்லை. குரு சீடரைப் பார்த்தார்.

"உங்க நாய்மா" என்றார் சீடர். "கூட்டிட்டுப் போங்க. நாளைக்குப் புண்ணுக்கு மருந்து வைக்கணும், வந்துடுங்க."

முத்துப்பேச்சி இடுப்பில் செருகியிருந்த சிவப்புப் பட்டையை எடுத்தாள். புண்ணில் படாமல் தளர்த்தி மாட்டினாள்.

சீடர் அந்தப் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது. எத்தனை பேரை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறார்.

அதற்குள் மரத்தடியில் ஆள் சேர்ந்துவிட்டது. ஒருவர் கூடையில் பூனை. இன்னொருவர் கையில் நொண்டும் ஆடு, கழுத்து மணியோடு. யாரும் எதையும் ரோட்டில் கிடந்தது என்று சொல்லவில்லை.

"பாருங்க" என்றார் தலைவர். "நாளைக்கு ஊரே வந்து நிக்கப் போகுது."

குரு வாயைத் திறப்பதற்குள் சீடர் சொன்னார்:

"நிக்கட்டும். வெயில் படாம நான் ஒரு பந்தல் போட்டுடறேன்."