சுழல்பெட்டியில் வந்த தட்டு

"இந்த வருஷமும் எர்சிலியாவுக்கு வார்த்தைப்பாடு இல்லையாம்."

தோட்டத்து சிஸ்டர் கோழிக்கூட்டுக்குள் குனிந்தபடி யாரிடமோ சொன்னது அது. முட்டை எடுக்க வந்த எர்சிலியா கூட்டுக்கு வெளியே கூடையோடு நின்றாள். பிறகு முட்டை எடுக்காமலே திரும்பிவிட்டாள்.

இத்தாலியில் ஒரு மலையூர். ஊருக்கு மேலே கன்னியர் மடம். எர்சிலியாவுக்கு அறுபத்திரண்டு வயது. கணவர் இறந்தபின் மடத்தில் சேர்ந்தவள். சேர்ந்து ஏழு வருஷம் ஆகிறது. அவளுக்குப் பின்னால் வந்த மூன்று பெண்கள் துறவியாகவே வாழ்வேன் என்ற வார்த்தைப்பாடு கொடுத்து, கறுப்பு முக்காடு போட்டுவிட்டார்கள். அவள் தலையில் இன்னும் புதியவர்களின் வெள்ளை முக்காடுதான்.

மடத்துத் தலைவி மதர் நீவெஸுக்கு வயது முப்பத்தொன்பது. எர்சிலியா போனபோது அவர் சமையலறையில் மாவுப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மதர், என்கிட்ட என்ன குறை?"

"குறை இருக்குன்னு யார் சொன்னது?"

"கோழிக்கூட்டுல பேசிக்கிறாங்க."

"கோழிங்களா?"

எர்சிலியா சிரிக்கவில்லை.

"வேலையில குறையா? ஜெபத்துல குறையா? வேளை தவறாம நன்றி ஜெபம் சொல்றேன். மனசு மட்டும் காஞ்சு கிடக்கு. ஏன்னு நீங்களாவது சொல்லுங்க."

மதர் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"இன்னைக்கு நீங்க வாசல் பெட்டிகிட்ட உட்காருங்க. பொரிக்கிறதை நான் பார்த்துக்கறேன்."

"உங்களுக்குப் பொரிக்கத் தெரியாதே."

"தெரியாதுதான்" என்றார் மதர்.

அன்று திருநீற்றுப் புதனுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை. விடிந்தால் தவக்காலம். நாற்பது நாள் முட்டை, கொழுப்பு, இனிப்பு எதுவும் கிடையாது. இருப்பதையெல்லாம் அன்றே தீர்த்தாக வேண்டும். அதற்காகவே ஒரு பலகாரம் உண்டு. முட்டை சேர்த்துப் பிசைந்த மாவை, மறுபக்கம் கை தெரிகிற அளவு மெல்லிசாகத் தேய்ப்பார்கள். சோமாசி வெட்டுகிற பல்சக்கரம் போன்ற ஒன்றால் நாடா நாடாக வெட்டி, பன்றிக்கொழுப்பில் பொரித்து, மேலே பொடித்த சர்க்கரை தூவுவார்கள். கியாக்கெரே என்று பெயர்.

ஊரார் முட்டையும் மாவும் கொண்டுவந்து தருவார்கள். மடம் பொரித்துத் தரும். இரண்டும் நடப்பது வாசல் சுவரில் பதித்த மரப்பெட்டி வழியாக. பீப்பாய் போல உருண்டையாக இருக்கும். ஒரு பக்கம்தான் திறப்பு. வெளியே இருப்பவர் பொருளை வைத்துச் சுற்றினால் திறப்பு உள்ளே வரும். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. பெயர் கேட்கக் கூடாது. எது வந்தாலும் உள்ளே இருப்பவர் "இறைவனுக்கு நன்றி" என்று இரண்டே சொல் சொல்லி எடுத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் வேலை.

எர்சிலியா முக்காலியில் உட்கார்ந்தாள். பெட்டி கிறீச்சிட்டுச் சுற்றியது.

"ஆறு முட்டை, சிஸ்டர். இல்லை, அஞ்சு. ஒண்ணு என் பையிலேயே உடைஞ்சுடுச்சு."

"இறைவனுக்கு நன்றி."

அடுத்தது ஒரு ஜாடி கொழுப்பு. அதற்கடுத்து ஒரு பை மாவு.

"போன வருஷம் மாதிரியே மொறுமொறுன்னு வரணும், சிஸ்டர்! என் பெண்டாட்டி அதைத்தான் பேசிக்கிட்டே இருக்கா."

"இறைவனுக்கு நன்றி" என்ற எர்சிலியா சமையலறைப் பக்கம் மூக்கைத் திருப்பினாள். கருகல் வாசனை வந்துகொண்டிருந்தது. உள்ளே ஏதோ கீழே விழுந்தது. அவள் எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள்.

பெட்டி சுற்றியது. இந்த முறை ஒரு தட்டு. தட்டு நிறைய, பொரித்த கியாக்கெரே.

"நானே பண்ணினது" என்றது வெளியே ஒரு பெண்குரல். "ஓரமெல்லாம் கொஞ்சம் கருகிடுச்சு. சாப்பிட்டுப் பாருங்க."

எர்சிலியாவின் கை முழங்காலிலேயே நின்றுவிட்டது. அது அவள் மருமகள் மிரெல்லாவின் குரல்.

ஊரில் எர்சிலியாவுக்கு ஒரு பலகாரக் கடை இருந்தது. ஏழு வருஷத்துக்கு முன் இதே வாரத்தில், மிரெல்லா முதல்முறையாகத் தனியே பொரித்து ஒரு தட்டு கொண்டுவந்து வைத்தாள். கடை நிறைய ஆட்கள். எர்சிலியா ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். தடிமனாக இருந்தது. வாயில் வைக்காமலே தட்டோடு குப்பைத்தொட்டியில் கவிழ்த்தாள். யாரோ சிரித்தார்கள். மகன் அன்றோடு எர்சிலியாவிடம் பேசுவதை நிறுத்தினான். அடுத்த மாதம் எர்சிலியா கடைச் சாவியை மேசையில் வைத்துவிட்டு மடத்துக்கு வந்தாள்.

இப்போது தட்டைப் பார்த்தாள். அதே தடிமன். ஒன்றுகூட நேராக வெட்டப்படவில்லை.

"இங்கேயே பொரிக்கிறோம்" என்று சொல்லிப் பெட்டியைத் திருப்பிச் சுற்றிவிட்டாள்.

சற்று நேரத்தில் மதர் வந்தார். மூக்கில் மாவு.

"பெட்டி ரெண்டு தரம் கிறீச்சுன்னுச்சே?"

"ஒண்ணைத் திருப்பி அனுப்பினேன்."

"இந்தப் பெட்டியிலயா?"

"சாப்பிட முடியாது, மதர். கருகல்."

"சாப்பிட்டுப் பார்த்தீங்களா?"

"பார்த்தாலே தெரியாதா? முப்பது வருஷம் கடை வெச்சிருந்தவ நான்." பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள்: "என் மருமக கொண்டுவந்தது."

மதர் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"இதே மாதிரி ஒரு செவ்வாய்க்கிழமை. டெக்லான்னு ஒரு சிஸ்டர் இந்த முக்காலியில உட்கார்ந்திருந்தாங்க. பெட்டி சுத்துச்சு. பார்த்தா ஒரு மாவுச் சாக்கு. சாக்குக்குள்ள குழந்தை. உடம்பு பூரா சொறி, ஒரு கண்ணு திறக்கலை. வெளியே ஆள் ஓடுற சத்தம்."

"ஐயோ. சிஸ்டர் டெக்லா என்ன பண்ணினாங்க?"

"இறைவனுக்கு நன்றின்னாங்க. எடுத்துக்கிட்டாங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். எல்லார் கையிலயும் பொரிச்ச கொழுப்பு. மடத்துல ஒரு சொட்டுப் பால் கிடையாது. ஒரு ஆளுக்கும் பிள்ளை வளர்க்கத் தெரியாது."

"அந்தக் குழந்தை என்ன ஆச்சு?"

"முப்பத்தொன்பது வயசு ஆச்சு. அடுப்புல கொழுப்பு புகையுது, என்ன பண்றதுன்னு உங்ககிட்ட கேக்க வந்திருக்கு."

எர்சிலியா அந்த முகத்தையே பார்த்தாள்.

"அடுப்பைத் தணிங்க, மதர்" என்றாள் கடைசியில். "கொஞ்ச நேரம் எதையும் போடாதீங்க."

"சரி" என்று மதர் உள்ளே போனார்.

எர்சிலியா பெட்டியில் காதை வைத்தாள். வெளியே குளிர்ந்த கல்லில் செருப்புக்கால் ஒன்று மாறி ஒன்று தேய்கிற ஓசை. யாரோ மெல்ல மூக்கை உறிஞ்சினார்கள்.

அவள் பெட்டியைச் சுற்றினாள். தட்டு வைத்த இடத்திலேயே இருந்தது.

"இறைவனுக்கு..." என்று நிறுத்தினாள். செருமிவிட்டு முதலிலிருந்து சொன்னாள். "இறைவனுக்கு நன்றி."

வெளியே செருப்போசை நின்றது.

இருப்பதிலேயே கறுத்த ஒன்றை எடுத்து, நின்றபடியே, ஓரம்வரை தின்றாள். விரலில் ஒட்டிய சர்க்கரையையும் நக்கினாள். பிறகு பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடுக்கில் வாயை வைத்து, "மிரெல்லா, வீட்டுல இன்னும் இருக்கா?" என்று கேட்டாள்.