திறக்காத டப்பா

அந்த மலையடிவார மடத்தின் குரு ஒரு பெண். எல்லாருக்கும் அம்மா. வயது நாற்பதைத் தாண்டவில்லை. சீடர் ஆவுடையப்பனோ தலை முழுக்க நரைத்தவர். அவரை அம்மா அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். குருவே சீடரை அண்ணாச்சி என்கிற மடம் வேறெங்கே இருக்கப்போகிறது.

ஆவுடையப்பன் குற்றாலத்தில் டாக்ஸி ஓட்டியவர். மனைவி உலகம்மாள் காலமான பிறகு வீட்டுச் சாவியை மகளிடம் கொடுத்துவிட்டு, பழைய அம்பாசிடரோடு மடத்துக்கு வந்துவிட்டார். அரிசி பருப்பு ஏற்றிவர இப்போது அந்த வண்டிதான். குற்றாலம் வழியாகப் போனால் தென்காசிச் சந்தை கிட்டம். அவரோ குற்றாலத்துக்குள் போகாமல் வேறு வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போவார். முன்சீட்டில் உட்கார்ந்து வரும் அம்மா ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

டாக்ஸி ஓட்டிய காலத்தில், சவாரி இல்லாத சாயங்காலங்களில் அந்த முன்சீட்டில் உலகம்மாள் ஏறிக்கொள்வாள். சாரல் விழுந்தால் கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே நீட்டுவாள். நனைந்த கையை அவர் கன்னத்தில் வைத்துவிட்டுச் சிரிப்பாள். எவ்வளவு நல்ல காலம் அது. இப்போது கண்ணை மூடித் தியானத்தில் உட்கார்ந்தால் அந்த ஈரக்கைதான் முதலில் வருகிறது.

வருகிற பௌர்ணமிக்கு அவருக்குத் தீட்சை. ஆவுடையப்பனைப் பயம் பிடித்துக்கொண்டது. அன்று வண்டியில் பழைய ஆயிலை வடியவிட்டு உட்கார்ந்திருந்தவர், அம்மா அந்தப் பக்கம் வரவும் முன்சீட்டு, சாரல், ஈரக்கை என்று மனதில் இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டார்.

"அவ நெனப்பு மொத்தமா போகணும்மா. அதுக்கு ஒரு வழி சொல்லுங்க. இல்லன்னா எனக்குத் தீட்சை வேண்டாம், ஊருக்கே போயிருதேன்."

அம்மா ஆயில் கேனுக்குப் பக்கத்தில் திறக்காமல் கிடந்த சின்ன டப்பாவை எடுத்துப் பார்த்தார்.

"இது என்னது, அண்ணாச்சி?"

கடைக்காரர் தலையில் கட்டியது என்றார். பழைய ஆயிலோடு இதை ஊற்றி எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டால், உள்ளே படிந்த கசடையெல்லாம் கழுவி எடுத்துவிடுமாம். எஞ்சின் புதுசாகிவிடுமாம்.

"நல்லதுதானே. ஏன் ஊத்தல?"

ஆவுடையப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வண்டி விஷயத்தில் அம்மா பச்சைக் குழந்தை.

"இது கெழட்டு எஞ்சின்லாம்மா. கசடு மொத்தமா பேந்து வந்தா ஆயில் போற வழிய அடைச்சிரும். ஆயில் ஏறலன்னா எஞ்சின் ஓடாம அப்படியே இறுகிப் பிடிச்சிரும்."

"அப்போ என்ன செய்ய?"

"கசடு அது பாட்டுக்கு இருக்கட்டும்னு விட்டுரணும். புது ஆயில ஊத்தி வண்டிய ஓட்டணும். ஓட ஓட கொஞ்சம் கொஞ்சமா அதுவே கரைஞ்சு வரும். நிறுத்திப் போட்டாத்தான் கேடு."

சொல்லிக்கொண்டே புது ஆயிலை ஊற்றி மூடியைத் திருகினார். வண்டியைக் கிளப்பிப் பார்த்தார். சத்தம் சீராக இருந்தது. மலையிலிருந்து மேகம் இறங்கி, லேசாகச் சாரல் விழ ஆரம்பித்தது.

சந்தைக்குக் கிளம்பினால் எப்போதும் முன்சீட்டில் ஏறும் அம்மா, அன்று பின்கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டார்.

"முன்சீட்டுப் பக்கக் கண்ணாடிய இறக்கி விடுங்க, அண்ணாச்சி. இன்னைக்குக் குற்றாலம் வழியாப் போவோம்."