கனவில் கிடைத்த தோப்பு

ஆற்றங்கரைத் தென்னந்தோப்பில் வெயில் பால்போலக் கசியும், ஓலைகள் தூக்கத்தில் பேசுவதுபோலச் சலசலக்கும். அந்தத் தோப்புக்காரர் வேலாயுதம் உயில் எழுதாமலே கண்ணை மூடிவிட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவர் தம்பி சங்கரலிங்கம் ஊரைக் கூட்டி மீசையை நீவினார்.

“அண்ணன் என் கனவுல வந்தாரு. வெள்ளை வேட்டி, நெத்தி நிறைய திருநீறு. ‘தோப்பு உனக்குத்தான்’னு சொன்னாரு. செத்தவர் சொல்லை யாரு மறுக்க முடியும்?”

வேலாயுதத்தின் மனைவி கோமு மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நாட்டாமைகூடத் தலையாட்டினார். தோப்பில் தேங்காய் உரிக்கும் சுடலி மட்டும் எழுந்து கும்பிட்டாள்.

“நெசந்தான் சாமி. என் கனவுலயும் வந்தாவ. தம்பிக்குப் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போடணும்னாவ.”

சங்கரலிங்கத்துக்கு வாயெல்லாம் பல். “பார்த்தீங்களா! எங்க வச்சுப் போடுவாராம்?”

“அவுகளால இங்க வர முடியாதாம். வெள்ளிக்கிழமை உங்களைக் கூட்டிட்டுப் போக வாராவளாம்.”

சங்கரலிங்கத்துக்குக் குப்பென்று வேர்த்தது. “கனவுதானே, எனக்குச் சரியா ஞாபகமில்ல” என்றபடி துண்டை உதறிக்கொண்டு நடையைக் கட்டினார்.

தோப்பு கோமுவுக்கும் மகளுக்கும் என்று தீர்ப்பாயிற்று. வீட்டுக்குப் போன நாட்டாமை, தனக்கும் ஒரு தம்பி இருப்பதை நினைத்து, தூக்கம் போக முகத்தை நன்றாகக் கழுவிக்கொண்டு உயில் எழுத உட்கார்ந்தார்.