வெள்ளைத்தாய் மஹாலுக்கு ஐஸ் மெஷின் வந்த கதை

திருநெல்வேலிக்குத் தெற்கே வெயிலடிச்சான்குளம் என்று ஓர் ஊர். குளம் எங்கே என்று கேட்கக் கூடாது. வெயில் அடித்ததில் அது போய்விட்டது. ஊரிலிருந்த புத்திசாலிகளும் பிழைப்பைத் தேடிப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்களில் மூன்று பேர் வெள்ளைத்தாய் மஹால் என்ற கல்யாண மண்டபத்தில் வேலை பார்த்தார்கள். மேனேஜர் பலவேசம், சமையல் மாஸ்டர் கந்தையா, வாட்ச்மேன் இசக்கி. மூவரும் தங்கமானவர்கள். சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். தொந்தரவே அதுதான்.

மஹாலுக்கு அப்போது கெட்ட காலம். போன வைகாசியில் ஒரு வரவேற்புக்கு மீன் கம்பெனியிலிருந்து ஐஸ் வாங்கி உடைத்துப் போட்டதில், ரோஸ்மில்க் முழுக்கச் சாளை மீன் வாடை. மாப்பிள்ளை வீட்டார் ஆளுக்கொரு டம்ளர் குடித்துவிட்டு, சோறு எப்போது வரும் என்று கேட்டார்கள். அன்றிலிருந்து முகூர்த்தமெல்லாம் எதிரே புதிதாகக் கட்டிய மஹாலுக்குப் போய்விட்டது.

கூத்தபெருமாள் அண்ணாச்சி ஒருவர்தான் பழகின இடம் என்று தன் மூத்த மகள் கல்யாணத்தைச் சித்திரையில் இங்கே வைத்திருந்தார். அவரும் ஒரு நிபந்தனை போட்டார். ரோஸ்மில்க் வாடையில்லாமல் ஜில்லென்று இருந்தால் இளையவள் கல்யாணமும் இங்கே. இல்லாவிட்டால் எதிர் மஹால். அந்தக் கல்யாணமும் போனால் மண்டபத்தை வாழைக்காய் குடோனாக்க வேண்டியதுதான் என்று முதலாளியம்மா வெள்ளைத்தாய் கண்கலங்கினார். கலங்கிய கண்ணுக்கு ஆபரேஷன் வேறு. மதுரைக்குக் கிளம்பும்போது மூவரையும் கூப்பிட்டு, நல்ல ஐஸ் மெஷினாகப் பார்த்து வாங்கி வையுங்கள், மஹால் நிறைந்தால் எவ்வளவு ஐஸ் ஆகும் என்று முதலில் பாருங்கள், நம் ரோஸ்மில்க்கில் போட்டுப் பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள், கடைக்காரர் சொல்கிறபடி வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மஹால் நிறைந்தால்தானே பார்க்க முடியும்? பலவேசம் ஆட்டோவில் மைக் கட்டி ஊரையே அழைத்தான். கல்யாணம் யாருக்கு என்றுகூடக் கேட்காமல் ஊர் வந்து உட்கார்ந்தது. இசக்கி ஒவ்வொருவரிடமும் போய், ஐஸ் இருந்தால் உங்களுக்கு வேண்டுமா என்று பணிவாகக் கேட்டான். பாதிப் பேர் வேண்டும் என்றார்கள். மீதிப் பேர் தொண்டை சரியில்லை, வெந்நீர் இருந்தால் கொடு என்றார்கள்.

கந்தையா மாஸ்டர் வெகுநேரம் மோட்டுவளையைப் பார்த்துக் கணக்குப் போட்டார். ஐஸையும் வெந்நீரையும் கலந்தால் பச்சைத் தண்ணீர் ஆகிவிடும். ஆகவே ஓர் ஐஸ்காரருக்கு ஒரு வெந்நீர்க்காரர் சரியாகப் போச்சு. மொத்தத்தில் மஹால் நிறைந்தால் ஐஸே தேவையில்லை.

"அப்போ மெசினே வேண்டாம்லா?" என்றான் இசக்கி.

"அண்ணாச்சி ஜில்லுனு கேக்காவளே வே," என்று பலவேசம் நினைவூட்டினான். "அவரு ஒருத்தருக்காவது வாங்கித்தான ஆகணும்."

மறுநாள் மூவரும் திருநெல்வேலிக்கு பஸ் ஏறினார்கள். கடையில் மூன்று மெஷின்கள் நின்றன. முதலாவது சின்னது, டீக்கடைக்கு ஆகும். இரண்டாவது பெரியது. இரண்டுக்குள்ளும் ஐஸ் கடகடவென்று விழுந்துகொண்டிருந்தது. மூன்றாவது இன்னும் பெரியது, கரண்ட் கொடுக்காமல் பார்வைக்கு வைத்திருந்தார்கள். கடைக்காரர் நல்ல மனிதர். உங்கள் மண்டபத்துக்கு இரண்டாவது போதும், அடக்கமாக இருக்கும் என்று எடுத்துச் சொன்னார். ரோஸ்மில்க்கில் போட்டுப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று பலவேசம் சாம்பிள் கேட்டான். அவர் ஒன்றும் புரியாமல் இரண்டு மெஷினிலிருந்தும் ஆளுக்கொரு கை ஐஸ் அள்ளிக் கொடுத்தார். மூன்றாவதில் ஒன்றும் இல்லை என்று கையை விரித்தார்.

கந்தையா மாஸ்டர் விவரமானவர். இட்லி சூடு ஆறாமல் இருக்கிற இரண்டு ஹாட் பாக்ஸ்களைக் கையோடு கொண்டு போயிருந்தார். முதல் மெஷின் ஐஸ் ஒன்றில், இரண்டாம் மெஷின் ஐஸ் இன்னொன்றில். ஆனால் பஸ்ஸில் திருட்டு அதிகம் என்று இசக்கிக்குப் பயம். பஸ் நிற்கிற இடமெல்லாம் மூடியைத் திறந்து, ஐஸ் இருக்கிறதா என்று கையை விட்டுத் துழாவிப் பார்த்தான். போகப் போகக் குறைந்துகொண்டே வந்தது. சந்தேகம் வலுத்து, பஸ் நிற்காத இடத்திலும் பார்க்க ஆரம்பித்தான்.

மஹாலுக்கு வந்து திறந்தால் இரண்டிலும் தண்ணீர். மூவரும் சுற்றி உட்கார்ந்து கவலையோடு அதைப் பார்த்தார்கள்.

"தண்ணி குடுக்கதுக்கு எதுக்கு மெசினு? நம்மகிட்ட குழாய் இருக்குல்லா," என்றார் கந்தையா.

"அந்த மூணாவது மெசின நெனச்சுப் பாருங்க," என்றான் பலவேசம். "அது ஐஸு குடுக்கவே இல்ல. அதனால ஒரு துண்டுகூட உருகவும் இல்ல. நம்மள ஏமாத்தாத மெசின் அது ஒண்ணுதான்."

ரோஸ்மில்க்கில் போட்டுப் பார்க்க அதில் ஒன்றும் இல்லாததால் முதலாளியம்மா சொல்லையும் மீறவில்லை. மூன்றாவது மெஷின் வந்து இறங்கியது.

மாட்ட வந்த மெக்கானிக், மெஷினை வெக்கையான இடத்தில் வைக்காதீர்கள், சூடாகிவிட்டால் ஐஸ் கட்டாது, நாலு பக்கமும் இடம் விடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். நாலு பக்கமும் இடம் உள்ளது சாப்பாட்டுக் கூடத்தின் நடு மட்டும்தான். அங்கே வைத்தார்கள். மெஷின் உறுமிற்று. கொஞ்ச நேரத்தில் இசக்கி பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் அதன் பின்பக்கத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது.

"மாஸ்டர், மேலு காயுது."

சித்திரை மாசத்தில் அந்த ஊரில் வெக்கையில்லாத இடத்துக்கு எங்கே போவது? ஈரத்துணி போட்டார்கள். விசிறினார்கள். அதற்குள் முதல் ஐஸ் கடகடவென்று விழுந்தது. தும்பைப் பூப்போல வெள்ளை, வாடை என்பதே கிடையாது. கந்தையாவுக்கு மூளை வேலை செய்தது. காய்ச்சலுக்கு ஐஸ் வைக்கலாம் என்று டாக்டரே சொல்வார். விழுந்த ஐஸையெல்லாம் சாக்கில் அள்ளி மெஷினைச் சுற்றி அடுக்கினார்கள். சூடு இறங்கியது. குளிர்ந்த மெஷின் மேலும் ஐஸ் கொடுத்தது. அதையும் அள்ளிச் சுற்றி அடுக்கினார்கள். இப்படி ஒரு நல்ல மெஷினை நாம் பார்த்ததே இல்லை என்று பலவேசத்துக்குப் பெருமை தாங்கவில்லை.

கல்யாணத்தன்று வெயில் மண்டையைப் பிளந்தது. கூத்தபெருமாள் அண்ணாச்சி முதல் டம்ளர் ரோஸ்மில்க்கை வாங்கி ஒரு வாய் குடித்தார். வெதுவெதுப்பாக இருந்தது. டம்ளரோடு சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்தால், நடுவே இடுப்பளவு ஐஸ் மூட்டைகளுக்குள் மெஷின் சொகுசாக உட்கார்ந்திருக்கிறது. இசக்கி அதற்கு விசிறிக்கொண்டிருக்கிறான். அண்ணாச்சிக்குக் கோபத்தில் மீசை துடித்தது.

"இவ்வளவு ஐஸ வச்சுக்கிட்டு எனக்கு வெந்நீ குடுக்கேரு. அதுல ஒரு கை அள்ளிப் போடும்வே."

பலவேசத்துக்கு வாழைக்காய் குடோன் கண்ணுக்குள்ளேயே வந்து நின்றது. ஆனாலும் உண்மையைச் சொன்னான்.

"போட்டிரலாம் அண்ணாச்சி. இந்த ஐஸ எடுத்தா மெசினு சூடாயிரும். மெசினு சூடானா ஐஸு கட்டாது. ஐஸு கட்டலன்னா ஒங்க ரோஸ்மில்க்குக்கு எதப் போட?"

அண்ணாச்சி யோசித்தார். முதலிலிருந்து ஒரு தடவை, கடைசியிலிருந்து ஒரு தடவை யோசித்தார். எங்கேயும் ஓட்டை தெரியவில்லை. அவரும் வெயிலடிச்சான்குளத்துக்காரர்தானே. மெஷினைத் தொட்டுப் பார்த்தார். சிலுசிலுவென்று இருந்தது. டம்ளரை முகர்ந்தார். மீன் வாடை இல்லை.

"நியாயம்தான்," என்றார். "தப்பு உங்க மேலயும் இல்ல, மெசினு மேலயும் இல்ல. சித்திரையில கல்யாணம் வச்ச என் மேலதான். சின்னவ கல்யாணத்த மார்கழியில வச்சிக்கிடுதேன். அப்போ மெசினு தானா குளுந்து கெடக்கும், ஐஸெல்லாம் ரோஸ்மில்க்குக்கு."

கந்தையா மாஸ்டர் தலையைச் சொறிந்தார். "மார்கழியில யாரும் கல்யாணம் வைக்க மாட்டாவளே அண்ணாச்சி."

"நல்லதாப் போச்சு," என்றார் அண்ணாச்சி. "மண்டபத்துக்குப் போட்டி இருக்காது."

பலவேசத்துக்குச் சந்தோஷத்தில் கண்ணீரே வந்துவிட்டது. உடனே மதுரைக்கு போன் போட்டு, மார்கழி மாதம் யார் வந்து கெஞ்சிக் கேட்டாலும் மஹாலை வேறு கல்யாணத்துக்குக் கொடுத்துவிடக் கூடாது என்று முதலாளியம்மாவிடமே கறாராகச் சொன்னான்.