கிளப்புகிற பேட்டரி

"அம்மா, எனக்கு இன்னும் கொஞ்சம் அன்பு வேணும். எங்கே கிடைக்கும்?"

வேனை விட்டு இறங்கியதும் தாமோதரன் கேட்ட முதல் கேள்வி இதுதான். கால் கழுவவில்லை, கும்பிடக்கூட இல்லை.

ஞானசுந்தரி அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மலையடிவாரத்தில் நாலு ஓட்டுக் கொட்டகை, ஒரு கிணறு, ஐந்தாறு பெண்கள். அதுதான் அவருடைய ஆசிரமம். அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. சீடர் தாமோதரனுக்கோ அறுபது கழிந்துவிட்டது. குரு மூத்தவராகத்தான் இருக்க வேண்டும் என்று யாரும் எழுதி வைக்காததால் இரண்டு பேருக்கும் அது தோதாகவே இருந்தது.

"யாருக்குக் கொடுக்க, அண்ணே?"

"கோமளத்துக்குத்தான். நேத்து ஊட்டின சோத்தைத் துப்பிட்டா. வாய் கோணிப்போனவ, அவ என்ன செய்வா? நான் தட்டைத் தூக்கி எறிஞ்சுட்டேன்மா."

சொல்லிவிட்டுத் தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இருங்க. தங்கிட்டுப் போகலாம்" என்றார் அம்மா. கீரையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

கேட்டதற்கு இது பதிலா என்று தாமோதரனுக்குத் தெரியவில்லை.

அவர் மனைவி கோமளத்துக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய், மிஞ்சியது ஒன்றிரண்டு சொல். நன்றாக இருந்த காலத்தில் ஊர் ஊராகப் போகணும் என்று அவள் ஆசைப்பட்டாள் என்பதற்காக, தாமோதரன் பழைய டீசல் வேன் ஒன்றை வாங்கி வீடாக்கிவிட்டார். பஸ் டெப்போவில் எலக்ட்ரீசியனாக இருந்த மனிதர். கட்டில், மின்விசிறி, அவளுடைய சர்க்கரை ஊசி மருந்துக்கு ஒரு குட்டி ஃபிரிட்ஜ், எல்லாம் அவர் கைவேலை.

அவளைக் குளிப்பாட்டுவதும், ஊட்டுவதும், தலை வாருவதும் அவர் கைதான். மகள் வந்து உதவுகிறேன் என்றாள். வேண்டாம் என்றுவிட்டார். மற்றவர் கை பட்டால் கோமளத்துக்கு ஆகாது என்பார். கோமளத்தை யாரும் கேட்டதில்லை.

ஆசிரமத்திலும் அதே கதைதான். ஒருத்தி சீப்போடு வந்தாள்.

"நான் வாரி விடட்டுமாண்ணே?"

"உங்களுக்கு எதுக்கும்மா சிரமம்" என்று சீப்பை வாங்கிக்கொண்டார்.

சில நாள் போயிற்று. ஒரு காலையில் அவர் தலைதெறிக்க ஓடி வந்தார்.

"அம்மா, வண்டி கிளம்பலை. சாவியைத் திருப்பினா டிக்குங்குது, அதோட சரி. ஃபிரிட்ஜும் நின்னு போச்சு. மருந்து சூடாயிரும்."

இந்தப் பக்கத்துக்கு இன்னும் கரன்ட் வந்தபாடில்லை. அம்மா மருந்துக் குப்பிகளை வாங்கி, ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் வைத்து மூடினார்.

"மருந்துக்கு ஒண்ணும் ஆகாது. இப்ப சொல்லுங்க. வண்டிக்கு எங்கேருந்து கரன்ட் வருது?"

"இன்ஜின் ஓடினா டைனமோ சுத்தும். டைனமோ ரெண்டு பேட்டரியை ஏத்தும். கட்டிலுக்கடியில பெருசு ஒண்ணு. ஃபேன், ஃபிரிட்ஜ், லைட்டு எல்லாம் அதுல. சீட்டுக்கடியில சின்னது ஒண்ணு. அது வண்டியைக் கிளப்புறதுக்கு மட்டும்."

"ரெண்டும் சேர்ந்தே இருக்குமா?"

"ஓடுறப்ப சேர்ந்திருக்கும். நிறுத்தினதும் பிரிஞ்சிரும். நடுவுல ஒரு ரிலே வெச்சிருக்கேன். அதான் பிரிச்சு விடும்."

"எதுக்குப் பிரிக்கணும்?"

டெப்போவில் புதுப் பையன்களுக்கு எத்தனையோ தடவை சொன்ன பாடம். யோசிக்காமல் வந்தது.

"வீட்டுச் செலவு எவ்வளவு ஆனாலும், கிளப்புற பேட்டரியில கை வைக்கக் கூடாதும்மா. அது செத்தா அப்புறம் எதுவுமே ஏறாது."

"அப்படியிருந்தும் செத்துருச்சே."

தாமோதரன் தலையைச் சொறிந்தார்.

"வண்டி நின்ன எடத்துலயே நிக்குதுல்ல, பெருசு இறங்கிப் போச்சு. நேத்து சாயங்காலம் ஃபிரிட்ஜ் கத்த ஆரம்பிச்சுது. கோமளத்துக்கு மருந்தாச்சேன்னு ரிலேயைத் தாண்டி ரெண்டுக்கும் நடுவுல ஒரு கேபிளைப் போட்டு விட்டேன்."

இதையே டெப்போவில் வேறு யாராவது செய்திருந்தால் மனிதர் காதைத் திருகியிருப்பார்.

"யார் போட்டது?" என்றார் அம்மா.

"நாந்தான்."

"எதுக்காகப் போட்டீங்க?"

"அவளுக்காகத்தான்" என்று சொன்னதும் தாமோதரனுக்குத் தூக்கி எறிந்த தட்டு நினைவுக்கு வந்தது.

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"வாங்க, தள்ளுவோம். பழைய டீசல் வண்டிதானே, சரிவுல உருட்டினா பிடிச்சுக்கும்."

கோமளத்தைத் தூக்கிக் கொட்டகைக்குள் கட்டிலில் படுக்க வைத்தார்கள். பெண்கள் எல்லாம் வேனுக்குப் பின்னால் போய் நின்றார்கள். தாமோதரனும் போய் அவர்களோடு நின்றுகொண்டார்.

"நீங்க போய் உட்காருங்கண்ணே."

"நான் தள்ளுறேன்மா. வேற யாராவது உட்காரட்டும்."

"வேற யாருக்கும் ஓட்டத் தெரியாது."

மற்றவர்கள் தள்ள, தான் உட்கார்ந்திருப்பது அவருக்குக் கூச்சமாக இருந்தது. கண்ணாடியில் குரு மூச்சு வாங்கத் தள்ளுவதைப் பார்த்ததும் கூச்சம் இன்னும் கூடியது. சரிவில் வண்டி உருண்டது. கிளட்சை விட்டார். வேன் இருமிற்று, புகை கக்கிற்று, பிடித்துக்கொண்டது.

"நிறுத்தாம ஓட்டிட்டு வாங்க. ரெண்டும் நல்லா ஏறட்டும்" என்றார் அம்மா.

"கோமளத்தை ஏத்திக்கிறேன்."

"தனியாப் போங்க."

"அதெப்படிம்மா? நான் இல்லாம அவ..."

கொட்டகை வாசல் வழியாகக் கோமளம் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கையைக் கொஞ்சம் தூக்கினாள். வாய் ஒரு பக்கம் இழுக்க, மெல்லச் சொன்னாள்.

"போங்க."

அவர் போனார்.

வழியெல்லாம் கண்ணாடியில் பின்கட்டிலைப் பார்ப்பது அவர் வழக்கம். அன்றும் பார்த்துப் பார்த்து, காலிக் கட்டிலைக் கண்டு பயந்துகொண்டே ஓட்டினார். வெகுதூரம் போன பிறகு ஒரு டீக்கடை ஓரம் புளியமர நிழலில் ஒதுக்கினார். இன்ஜினை அணைக்கவில்லை. டீ வந்தது. வழக்கமாக அவளுக்கு ஆற்றிக் கொடுத்து முடிப்பதற்குள் அவருடையது ஆறிவிடும். இன்று சூடாகக் குடித்தார். நாக்குச் சுட்டது. அதற்குப் போய் ஏன் அழுகை வந்தது என்று அவருக்கே விளங்கவில்லை. ஸ்டியரிங்கில் தலை வைத்து அழுதார். அழுதபடியே தூங்கியும் போனார்.

டீக்கடைக்காரர் கண்ணாடியைத் தட்டினார்.

"என்னங்கய்யா, வண்டி ஓடிக்கிட்டே இருக்கு, நீங்க தூங்கிட்டீங்க?"

அடித்துப் பிடித்துக்கொண்டு திரும்பினார். பொழுது இறங்கியிருந்தது. நேராகக் கொட்டகைக்கு ஓடினார்.

கோமளம் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தலை வாரி இரட்டைப் பின்னல் போட்டிருந்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருந்தாள். காதோரம் கனகாம்பரம்.

"சாப்பிட்டாளா?"

"ரெண்டு தடவை சோறு வாங்கிக்கிட்டாங்க" என்றாள் சீப்போடு முன்பு வந்த பெண்.

"துப்பலையா?"

"துப்பினாங்க. துடைச்சுட்டுத் திரும்ப ஊட்டினோம்."

தாமோதரனுக்குச் சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம் வலிக்கவும் செய்தது. கோமளம் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு இடது கையால் அவர் கன்னத்தில் காய்ந்திருந்த கண்ணீர்த் தடத்தைத் துடைத்துவிட்டாள்.

இருட்டும் முன்பே அவர் வேனுக்குப் போய் அந்தக் கேபிளைக் கழற்றினார். ஃபிரிட்ஜ் நிம்மதியாக முனகிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை. அம்மா கிணற்றடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். தாமோதரன் வந்து பக்கத்தில் நின்றார். ஒரு கையில் வேன் சாவி, மறு கையில் கோமளத்தின் சீப்பு.

"அம்மா, ஒரு நடை ஓட்டிட்டு வரட்டுமா? தனியா."

"ஏன், பேட்டரி இறங்கிருச்சா?"

"இல்லம்மா. ரெண்டும் நிறைஞ்சுதான் இருக்கு."

அம்மா கையைக் கழுவி, புடவையில் துடைத்துக்கொண்டு நீட்டினார்.

தாமோதரன் சீப்பைக் கொடுத்தார்.